வெளியாட்களுக்கு அனுமதி இல்லை

புதுச்சத்திரத்துக்கு மேற்கே, ஒரு லட்சத்து இருபதாயிரம் முட்டைக்கோழிகள் இருக்கும் பண்ணை ஒன்றுக்குத் தீனதயாளன் மேனேஜர். அந்தப் பண்ணையைப் பார்த்தவர்கள் என்று ஊரில் யாரும் கிடையாது. பார்க்க விட்டால்தானே? முதல் கேட்டில் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்துத் தண்ணீர் பீச்சுவார்கள். இரண்டாவது கேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, பர்மாங்கனேட் கலந்த கத்திரிப்பூ நிறத் தண்ணீரில் காலை நனைக்க வேண்டும். மூன்றாவது கதவுக்கு முன்னால் குளித்து, பண்ணைக்காரர்கள் கொடுக்கும் உடுப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். இத்தனையும் வேலையாட்களுக்கு. மற்றவர்களுக்கு முதல் கேட்டோடு சரி.

இதில் தப்பு ஒன்றுமில்லை. கோழிக்கு வரும் நோய் தானாக நடந்து வராது. மனிதனின் காலில், லாரியின் டயரில், காக்கையின் சிறகில் தொற்றிக்கொண்டுதான் வரும். ஒரு கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் ஷெட்டே காலி. அதனால் வெளியே இருந்து எதுவும் உள்ளே போகாத வரைக்கும் உள்ளே இருப்பது பத்திரம். தீனதயாளனுக்கு இது வேதம். பண்ணை முதலாளி சின்னுசாமியின் மச்சினன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது அவரை முதல் கேட்டிலேயே நிறுத்தி, பத்திரிகையைக் கம்பி வழியே வாங்கி, அதற்கும் மருந்து பீச்சியவன் அவன். மஞ்சள் தடவிய மூலைகள் சாயம் போய்விட்டன. முதலாளி அந்த மாதம் அவனுக்குச் சம்பளம் உயர்த்தினார்.

அப்படிப்பட்டவன் தன் மகள் கனிஷ்காவுக்கு டே கேர் தேடக் கிளம்பினான்.

கனிஷ்காவுக்கு இரண்டு வயது. அவள் அம்மா கிருத்திகா, நாமக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீசியனாக இருந்தவள். பிரசவத்துக்கு விட்ட வேலையை, ஜூன் முதல் தேதி திங்கட்கிழமை வந்தால் திரும்பத் தருவதாக லேபில் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறொரு பெண் தயாராக இருந்தாள். தீனதயாளனின் அம்மாவுக்கு ஜேடர்பாளையத்தில் ஆறு எருமைகள். அவற்றை விட்டு அசைய முடியாது. கிருத்திகாவின் அம்மா ஆத்தூரில் படுக்கையில் கிடக்கும் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆக, டே கேர் ஒன்றுதான் வழி. மே மாதம் பாதி போயிருந்தது. மூன்று இடங்களைப் பார்த்து மூன்றையும் தீனதயாளன் தள்ளியிருந்தான். ஒன்றில் பல்லி, ஒன்றில் மாடிப்படி, ஒன்றில் காரணம் அவனுக்கே மறந்துவிட்டது.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் கிருத்திகா. "நான் வேலைக்குப் போகாம ஊட்லயே இருக்கோணும்னுதான் ஒவ்வொண்ணா தள்ளிட்டு வாரீங்களா?"

தீனதயாளனுக்குச் சுருக்கென்றது. "அப்பிடியெல்லாம் இல்ல அம்முணி. முறையாப் பாக்கோணுமில்ல? இனி மார்க்குப் போட்டே பாக்கறேன். நூத்துக்கு எம்பதுக்கு மேல வந்தா கண்ண மூடிட்டுச் சேத்தறலாம்."

மார்க்குப் போட ஒரு படிவம் வேண்டும். பண்ணையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் ஆய்வுக்கான படிவம் அவனுடைய கம்ப்யூட்டரிலேயே இருந்தது. நாலு பக்கம், ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். காற்றோட்டம், தண்ணீர்ச் சுத்தம், தலைக்கு எத்தனை சதுர அடி, எலித்தொல்லை, ஆள்வரத்து என்று ஒரு உயிரை உயிரோடு வைத்திருக்கத் தேவையான அத்தனையும் அதில் உண்டு. அவன் செய்ததெல்லாம் ஒன்றுதான். 'கோழி' என்ற சொல்லைத் தேடி, வந்த இடமெல்லாம் 'குழந்தை' என்று மாற்றும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளை போட்டான். தமிழும் ஒத்துழைத்தது. 'கோழியின்' என்பது பிசிறில்லாமல் 'குழந்தையின்' ஆயிற்று. 'கோழிகளுக்கு' என்பது 'குழந்தைகளுக்கு' ஆயிற்று. ஒரு நொடியில் அறுபத்து மூன்று இடங்கள். அச்செடுத்துக் கொண்டுவந்து பெருமையோடு மனைவியிடம் நீட்டினான்.

கிருத்திகா முதல் பக்கத்தைச் சும்மா படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள்.

"இறந்த குழந்தைகளைப் புதைக்கக் குழி உள்ளதா? ஆழம் எத்தனை அடி?" என்று சத்தமாக வாசித்தாள்.

"அது..."

"குழந்தைகளுக்கு மூக்கு வெட்டும் பணி எத்தனையாவது வாரத்தில் நடைபெறுகிறது?"

"அத அடிச்சறலாம் அம்முணி. கொத்திக்காம இருக்கறதுக்குக் கோழி மூக்கு நுனிய வெட்டறது."

"கழிவுக் குழந்தைகள் எந்த விலைக்கு விற்கப்படுகின்றன?" அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தாள். "மாமா, இதத் தூக்கிட்டு வெளிய போனீங்கன்னா போலீசு வரும்."

அவன் அந்த மூன்று கேள்விகளையும் நீலப் பேனாவால் அடித்துவிட்டு, மீதி நாற்பத்தேழோடு கிளம்பினான்.

முதலில் போனது உழவர் சந்தைக்குப் பின்னால் இருந்த அமுதவல்லி வீட்டுக்கு. கிருத்திகாவின் பழைய லேப் தோழி ஒருத்தி சொன்ன இடம். டே கேர் என்று பலகை கூடக் கிடையாது. ஐம்பது வயதிருக்கும் அமுதவல்லியும் அவளுடைய நாத்தனாரும் சேர்ந்து பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. ஒன்று பாடியது, ஒன்று அழுதது, ஒன்று தட்டை ஸ்பூனால் அடித்தது. கூடத்தின் நடுவே ஒரு பெரிய அன்னக்கூடைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, இரண்டு பிள்ளைகள் பிளாஸ்டிக் கப்பலை அமுக்கிக்கொண்டிருந்தன. அமுதவல்லி பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் ஒரு பிள்ளைக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டே, கண்ணை அந்தத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் பேசினாள்.

"வாங்க சாமி, அந்தச் சேர இழுத்துப் போட்டு உக்காருங்க. காலப் பாத்து வைங்க, கீழ ஒருத்தன் கெடக்கறான்."

தீனதயாளன் குனிந்து பார்த்தான். கீழே பாய் போட்டு ஒரு பெரிய ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வயிற்றின் மேல் ஒரு சின்னப் பையன்.

"இது யாருங்க?"

"இந்தப் பையனோட அப்பன். லாரி டிரைவரு. நாக்பூர்ல இருந்து காத்தால வந்தான். ஊட்டுக்குக் கூடப் போவல, பையனப் பாக்கோணும்னு வந்தவன் அப்பிடியே படுத்துட்டான்."

நாக்பூர்! மூன்று மாநில எல்லை! டயரில் என்னென்ன வந்ததோ! தீனதயாளன் படிவத்தில் ஆள்வரத்து பற்றிய பதினாறாவது கேள்விக்குச் சுழியம் போட்டான். போட்டுக்கொண்டிருக்கும்போதே துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு சுழியம்.

"ஏனுங்க, இப்பிடி ஆளாளுக்கு நொழையறதுன்னா..."

"பெத்தவங்க எப்ப வேணாலும் வரலாம் சாமி. சொல்லிட்டு வந்தாக்கா நான் கூட்டி மெழுகி வெச்சிருவேன். சொல்லாம வந்தாத்தான நான் என்ன பண்ணிட்டிருக்கறேன்னு தெரியும்?"

வாசல் கதவின் தாழ்ப்பாள் பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் மாற்றி அடிக்கப்பட்டிருந்ததையும், பிள்ளைகளைக் கூட்டிப்போக உரியவர்களின் போட்டோக்கள் அந்தக் கதவுக்குப் பின்னால் வரிசையாக ஒட்டப்பட்டிருந்ததையும் அவன் பார்க்கவில்லை. கால் நனைக்கும் தொட்டி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம்தான் வாய் தவறியது. பண்ணையில் தினமும் காலை ஆறு மணிக்கு ஷெட்டுக்காரர்கள் எதிரே வந்தால், மற்றவர்கள் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதுபோல, அவன் கேட்பது ஒரே கேள்வி. பதினோரு வருடப் பழக்கம். படிவத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, நிமிராமல் அதையே கேட்டுவிட்டான்.

"மார்ட்டாலிட்டி எவ்வளவுங்க?"

"அப்பிடின்னா?"

"அதானுங்க... மாசத்துக்கு எத்தன செத்துப்போவும்?"

ஊட்டிக்கொண்டிருந்த கை நின்றது. நாத்தனார் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். பாயில் கிடந்த டிரைவர் கூடக் கண்ணைத் திறந்தார்.

"ஏஞ் சாமி," என்றாள் அமுதவல்லி மெதுவாக, "நீ என்ன வேல பண்ற?"

சொன்னான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பிள்ளைகளும் காரணம் தெரியாமல் சிரித்தன. "அடக் கண்ராவியே! கோழிப் பண்ணயா! நல்லவேள, மூக்க எப்ப வெட்டுவீங்கன்னு கேக்காம உட்டியே!"

தீனதயாளன் படிவத்தை மடித்துக்கொண்டான். நூற்றுக்கு முப்பத்தொன்று.

இரண்டாவதாகப் போனது பரமத்தி ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த 'குட்டிச்சிட்டு டே கேர்.' ஆளுயரக் கேட்டு. கேட்டில் கையகல ஜன்னல். அதற்குப் பின்னால் கலைமணி என்ற பெண். பெயர், போன் நம்பர், வந்த நேரம், வந்த காரணம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதவைத்து, கையில் மருந்து தெளித்து, தலைக்கு வலைத்தொப்பியும் கொடுத்தாள். தொப்பியை வாங்கும்போது தீனதயாளனுக்குத் தன் பண்ணைக்கே திரும்பி வந்ததுபோல நெஞ்சு நிறைந்தது.

நிர்வாகி மைதிலி கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்தவள். பேச்சு பட்டுப்போல இருந்தது. பேச்சைவிட, அவள் காது கொடுத்துக் கேட்ட விதம் அவனுக்குப் பிடித்தது. அறைகளை வெளியிலிருந்து கண்ணாடி வழியாகக் காட்டினாள். இருபத்திரண்டு பிள்ளைகள். வழவழவென்ற தரை. மூலைக்கு ஒரு கேமரா.

இந்தத் தடவை வாய் தவறவில்லை, தைரியமாகவே கேட்டான். "இதுவரைக்கும் ஏதாச்சும் விபத்து, அடி, நோவு?"

"ஜீரோ சார்," என்றாள் மைதிலி.

கண் இமைக்காமல் சொன்னாள். ஷெட்டுக்காரன் யாராவது அவனிடம் வந்து ஜீரோ என்று சொல்லியிருந்தால், மறைத்து வைத்த செத்த கோழியைத் தேடி அவனே சாக்குகளைப் புரட்டியிருப்பான். முற்றும் நோயில்லாத கூட்டம் என்று ஒன்று கிடையாது என்பது தொழிலின் பாலபாடம். ஆனால் மகளுக்கு இடம் தேடும் தகப்பனுக்கு ஜீரோ இனித்தது.

"பேரண்ட்ஸ் உள்ள வர்றதப் பத்தித்தான் சார் யோசிச்சிட்டிருக்கோம்," என்றாள் மைதிலி. "சிலர் திடீர்னு வந்து எட்டிப் பாக்கறாங்க. ஒரு குழந்தையோட அம்மா வந்தா மத்ததெல்லாம் அழ ஆரம்பிச்சிடுது."

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அவன் பிறந்ததே. நாற்காலியின் நுனிக்கு வந்தான். நோய் எப்படிக் காலில் வருகிறது, கேட்டுக்கு ஒரு தொட்டி ஏன் வேண்டும், பார்க்க வருகிறவர்களை ஏன் ஜன்னலோடு நிறுத்த வேண்டும் என்று வரிசையாக விளக்கினான். அவள் குறித்துக்கொண்டாள். குறித்துக்கொள்கிற ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் நிறுத்தத் தோன்றும்? கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்க ஷெட்டில் வெளிச்சத்தைக் குறைப்பதைச் சொன்னான். மங்கலில் கோழிக்குச் சண்டை போடத் தோன்றாது, ஓடியாடாது, தின்றது உடம்பில் ஒட்டும். ஒவ்வொன்றுக்கும் இடம் பிரித்துவிட்டால் இன்னும் நல்லது.

"ரொம்ப இன்ட்ரஸ்டிங் சார்," என்றாள் மைதிலி, எழுதிக்கொண்டே.

தொண்ணூற்று நாலு மார்க்.

கிருத்திகா இரண்டு இடத்தையும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அமுதவல்லியிடம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். குட்டிச்சிட்டில் ஜன்னலோடு திருப்பி அனுப்பினார்கள்.

"எனக்கு அமுதாக்கா ஊடுதான் மாமா புடிச்சிருக்குது."

"முப்பத்தொண்ணு அம்முணி அது. நாக்பூர் லாரிக்காரன் நடுக்கூடத்துல தூங்கறான்."

"தூங்கட்டும். அவன் தூங்கற எடத்துல அவம் பையன யாராச்சும் அடிப்பாங்களா? கோழிக்கு நோவு வெளிய இருந்து வருது, நீங்க கேட்டச் சாத்தறீங்க. கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது உள்ள இருக்கறவங்களாலதான் ஆவும். அதுக்கும் கேட்டச் சாத்துனா எப்பிடி?"

அவன் மடித்த படிவத்தை விரித்தான். மார்க்கு அதில் இருந்தது. தொண்ணூற்று நாலுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே அறுபத்து மூன்று மார்க் வித்தியாசம். போதாததற்கு, இதையும் தள்ளினால் தன்னை வேலைக்கு அனுப்ப மனமில்லாதவன் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்ற பயமும் அவனுக்கு இருந்தது. எண்பதுக்கு மேல் வந்தால் சேர்ப்பேன் என்றவன் அவன்தானே. ஜூன் ஒன்றுக்கு ஒரு வாரம் இருந்தது. "அஞ்சு நாளைக்கி உட்டுப் பாக்கலாம். அப்பறஞ் சொல்லு," என்றான். கிருத்திகா பிள்ளையின் பையில் மாற்றுடையை மடித்து வைத்தாள். 

திங்கட்கிழமை கனிஷ்கா கேட்டின் சின்னக் கதவு வழியே அழுதுகொண்டே உள்ளே போனாள். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் அழுதாள். புதன்கிழமை அழவே இல்லை. "பழகிட்டா பாத்தியா?" என்றான் தீனதயாளன். பதினொரு மணிக்குப் போனில் படம் வந்தது: வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், யாரும் யாரையும் இடிக்காமல். இத்தனை ஒழுங்கான கூட்டத்தை அவன் தன் பண்ணையில் கூடப் பார்த்ததில்லை.

அன்று மதியம் தீவன லாரி விஷயமாக நாமக்கல் வந்தவன், கனிஷ்காவின் துணி முயல் வண்டியிலேயே கிடப்பதைப் பார்த்தான். கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பரமத்தி ரோட்டுக்குத் திருப்பினான். கேட்டில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. பெற்றோருக்கும் பொருந்தும்.' கீழே கத்திரிப்பூ நிறத் தண்ணீரோடு ஒரு தொட்டி.

அவனுக்குப் பெருமையாக இருந்தது. வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தான்.

இன்ஜின் நின்றதும் அவன் உடம்பு தானாகவே ஒரு காரியம் செய்தது. ஷெட்டுக்குள் போகும் முன் பத்து எண்ணும் வரை வெளியே நின்று கேட்பது அவன் வழக்கம். கண்ணால் பார்ப்பதற்கு முன் காதுக்குத் தெரிந்துவிடும். நல்ல ஷெட்டு ஓயாமல் கலகலத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் நின்றால் சத்தம் ஏறும், சூடு கூடினால் ஒரு மாதிரி மாறும். இவற்றுக்கெல்லாம் அவன் பயப்படுவதில்லை. அவன் ஓடுவது ஒரே ஒரு சத்தத்துக்குத்தான். பத்தாயிரம் கோழி இருக்கும் ஷெட்டிலிருந்து எதுவுமே கேட்காதபோது.

பத்து எண்ணினான். ஏ.சி. இயந்திரம் இரைவது கேட்டது. ரோட்டில் போர் போடும் ரிக் லாரி ஒன்று போனது. மறுபடியும் பத்து எண்ணினான். இருபத்திரண்டு பிள்ளைகள். பட்டப்பகல் பன்னிரண்டரை மணி.

ஜன்னலைத் தட்டினான்.

"கொழந்தயப் பாக்கோணுங்க."

"முடியாதுங்க சார்," என்றாள் கலைமணி. "பொம்மையக் குடுத்துட்டுப் போங்க. மருந்தடிச்சு உள்ள தாரேன்."

"ஒரே நிமிசம். எட்டிப் பாத்துட்டு வந்தர்றேன்."

"பேரண்ட்சுக்கும் பொருந்தும்னு போட்டிருக்குதுல்லீங்க? மேடம் என்னயத் திட்டுவாங்க. பண்ணக்காரரு ஒருத்தர் வந்து வெவரமாச் சொல்லிட்டுப் போனாருங்களாம்." சொன்னவர் இவர்தான் என்பது அவளுக்குத் தெரியவில்லை. "ஒருத்தர உட்டா அத்தன பேரையும் உட்ட மாதிரின்னு அவருதான் சொன்னாராமா."

சொன்னவன் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றான். கல்யாணப் பத்திரிகையோடு நின்ற மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு கேட்டின் வெளிப்பக்கம் எப்படியிருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்தது. உள்ளே இருப்பது எதுவாக இருந்தாலும், பார்க்காத வரைக்கும் அது பெரிதாகிக்கொண்டே போனது.

பிறகு தொழில் புத்தி கை கொடுத்தது. எந்தப் பண்ணையின் சட்டமும் உள்ளே வருவதைத்தான் தடுக்கும். வெளியே போவதைத் தடுக்காது.

"சரிங்க. நான் உள்ள வரல. கனிஷ்காவ ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வெளிய கூட்டியாங்க."

கலைமணி யோசித்தாள். இதற்கு எதிராக எதுவும் எழுதியிருக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, கேட்டின் சின்னக் கதவைத் திறந்துவைத்து உள்ளே போனாள். தீனதயாளன் அவள் பின்னாலேயே நுழைந்தான். நுழையும்போதும், அத்தனை பதற்றத்திலும், கால் பழக்கத்தில் போய்த் தொட்டியில் நனைந்துகொண்டது.

கண்ணாடிக்கு உள்பக்கம் இப்போது கருப்புத் திரை. திரையை விலக்கினான்.

அடி இல்லை, ரத்தம் இல்லை, அழுகை இல்லை. மங்கலான ஒரு சின்ன பல்பு. இருபத்திரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கை இடைவெளி. ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் பெல்ட். முன்னால் ஒரு பெரிய டி.வி.யில் சத்தமில்லாமல் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பெண். அவளும் போனில் இருந்தாள். இரண்டாவது வரிசையில் கனிஷ்கா. அவன் முன்னால் போய்க் குனிந்தான். அவள் அவனைத் தாண்டி மீனைப் பார்த்தாள். "சாமி," என்றான். "தங்கம், அப்பா வந்திருக்கறேன்." கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண் அவன் பக்கம் வந்தது. அந்தக் கொஞ்ச நேரம் மூன்று நொடிதான் இருக்கும். அவனுக்கு அதை எண்ணத் தோன்றவில்லை.

பெல்ட்டை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது மைதிலி நின்றிருந்தாள். அவள் முகத்தில் குற்ற உணர்வு இல்லை. உண்மையாகவே குழம்பியிருந்தாள்.

"என்ன சார் ஆச்சு? நீங்க சொன்னபடிதான செஞ்சிருக்கோம்? வெளிச்சத்தக் குறைச்சதுல இருந்து ஒரு சண்டை இல்ல, ஒரு கடி இல்ல. இடமும் பிரிச்சாச்சு. பயோ செக்யூரிட்டி தெரிஞ்சவர் ஒருத்தர் டிசைன் பண்ணிக் கொடுத்ததுன்னு மத்த பேரண்ட்ஸ்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன் சார்."

"அது கோழிக்குங்க," என்றான்.  பதினோரு வருடத்தில் விளக்கம் சொல்ல முடியாமல் அவன் நின்றது அதுதான் முதல் தடவை.

போகும் முன் திரையை முழுதாக விலக்கிவிட்டு, அறையைப் படம் எடுத்துக் கிருத்திகாவுக்கு அனுப்பினான். அவள் அதைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அரை மணி நேரத்தில் கேட்டுக்கு வெளியே பதினான்கு வண்டிகள். கலைமணி ஜன்னலைத் திறக்கவில்லை, கதவையே திறந்துவிட்டாள்.

வீட்டில் கிருத்திகா அவனைத் திட்டவில்லை.  கனிஷ்காவை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை ஏதோ கேட்டு அழ ஆரம்பிக்கும் வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "லேபுக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிர்றேன்."

"வேண்டாம். சித்த பொறு. நான் போய்ட்டு வாரேன்."

அமுதவல்லி வீட்டில் அன்றும் அதே கூச்சல். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நாத்தனார் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். தன் பங்கையும் மறைக்காமல் சொன்னான். அமுதவல்லி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"பாவம் புள்ளைங்க," என்றாள். "ஆனா சாமி, எடம் இல்லயே. போன வாரமே பதினொண்ணும் ரொம்பிப் போச்சு."

"ஒண்ணே ஒண்ணுங்க அக்கா. பதினொண்ணோட பன்னண்டு. ஒண்ணு கூடுனா என்னுங்க ஆயிரப் போவுது?"

சொல்லி முடித்தபின் தன் குரலை அவனே கேட்டான். கூண்டுக்கு நாலு கோழி என்றால் நாலுதான். ஐந்தாவதை அடைத்த ஷெட்டுக்காரனை அவன் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். அந்த ஆளும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னான்.

"நாங்க ரெண்டு பேரு," என்றாள் அமுதவல்லி. "ஒருத்தி சோறூட்டுனா ஒருத்தி கண்ணு கதவுமேல இருக்கோணும். ஒருத்தி ஒண்ணக் கழுவக் கூட்டிட்டுப் போனா பத்தையும் ஒருத்தி பாக்கோணும். பத்து வரைக்கும் என்னால ஒரே பார்வைல எண்ணிர முடியுது. பதினொண்ணு ஆச்சுன்னா எண்ணும்போதே ஒண்ணு நவுந்துருது. நீ அன்னிக்கி கேட்டியே ஒரு கேள்வி, மாசத்துக்கு எத்தனன்னு? அதுக்கு எங்கிட்ட பதிலே இருக்கக்கூடாதுன்னுதான் பன்னண்டாவது வேண்டாங்கறேன்."

அவளுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்திருப்பான். கொடுத்து என்ன? அந்த நூறுதான் அவன் மகளை வெளியே நிறுத்தியது.

எழுந்துகொண்டவனை அவள் நிறுத்தினாள். "லாரிக்காரம் பையன் பள்ளிக்கோடம் போறான். பன்னண்டாந் தேதி. அன்னிக்கிக் கூட்டியா. மொத ரெண்டு நா நீயோ உன்ர ஊட்டுக்காரியோ கூட இருக்கோணும்."

"ஒண்ணாந் தேதி அவ வேலைல சேரோணுங்க. நடுவுல பாத்துக்க ஆளு..."

"ஆளு இல்லயா?" அமுதவல்லி அவனை மேலும் கீழும் பார்த்தாள், முதல் நாள் பார்த்த அதே பார்வை. "எதுக்க ஒருத்தன் நிக்கற மாதிரிதான எனக்குத் தெரியுது."

தெருமுனைக்கு வந்து சின்னுசாமிக்குப் போன் செய்தான். அவனுடைய பதினோரு வருட வேலையில் கேட்ட முதல் நீண்ட விடுப்பு.

"பதிமூணு நாளா? ஏம்ப்பா, கல்யாணமா, கருமாதியா?"

"பாப்பாவப் பாத்துக்கறதுக்குங்க."

"ஊட்டுக்காரி எங்க போறா?"

"வேலைக்குங்க."

 கோழி சம்பந்தமில்லாத எதையும் சின்னுசாமி புரிந்துகொள்ள நேரம் எடுப்பார். "சரி," என்றார் கடைசியில். "புள்ளைங்க இருக்கற ஊட்ல சளி, காச்சல் எல்லாம் இருக்கும். திரும்பி வாரப்ப மூணு நா ஊட்லயே இருந்துட்டு அப்பறம் வா. நீயே போட்ட ரூல்சுதான அது."

திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கிருத்திகா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். எந்தக் கிண்ணத்தில் கஞ்சி, எந்த டப்பாவில் பிஸ்கட், எப்போது தூக்கம், அழுதால் எந்தப் பாட்டு என்று இரண்டு முறை சொல்லியிருந்தாள். தீனதயாளன் குறித்துக்கொண்டிருந்தான். ஒரு லட்சத்து இருபதாயிரம் உயிரை மேய்ப்பவனுக்கு ஒன்று என்ன பிரமாதம் என்ற நினைப்பு ஒன்பது மணி வரை அவனிடம் இருந்தது.

ஒன்பது ஐந்துக்குப் போன் செய்தான். கனிஷ்கா கஞ்சியைத் துப்புகிறாள். கிருத்திகா ஆற வைத்துக் கொடுக்கச் சொன்னாள். ஒன்பது இருபதுக்குச் செய்தான். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டு வர மறுக்கிறாள். பேசாமல் இருந்தால் வந்துவிடுவாள் என்றாள். ஒன்பதே முக்காலுக்குச் செய்தான். வந்துவிட்டாள், ஆனால் கிருத்திகா சொன்ன பாட்டு இதற்கு வேலை செய்யவில்லை, இது வேறு மாதிரி அழுகை, பசியா தூக்கமா என்று எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

பின்னணியில் யாரோ ஒருவர் டோக்கன் எண் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய சத்தம்.

"ஏனுங்க," என்றாள் கிருத்திகா. "நான் வேலைல இருக்கறேன்."

போனை வைத்துவிட்டாள். அந்த மூன்று வார்த்தையைச் சொல்வதற்கு அவள் எத்தனை நாள் காத்திருந்தாள் என்பது அவனுக்கு அந்தக் குரலில் தெரிந்தது. தீனதயாளன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, தோளில் கஞ்சிக் கறையோடு, அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, பசியாகத்தான் இருக்கும் என்று அடுப்படிக்கு நடந்தான். அது தூக்கத்துக்கு அழுத அழுகை.